நாளொழுங்கும் ஒரு மருந்தே

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் புறப்படும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. எந்த மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும்? என்ன உணவு கொடுக்கலாம்? மறுபடியும் எந்த நாளில் வர வேண்டும்? மூன்றும் தேவையான கேள்விகளே. ஆனால் தண்டுவடக் காயம், பக்கவாதம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் போன்ற நிலைகளோடு வாழ்பவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பம் நான்காவதாக ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும்: வீட்டில் இவருடைய ஒரு நாள் எவ்வாறு நடக்க வேண்டும்?

எழுதல், குளித்தல், உண்ணல், மருந்து, பயிற்சி, வேலை, ஓய்வு, உறக்கம் ஆகியவை நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடப்பதையே இக்கட்டுரையில் நாளொழுங்கு என்கிறோம். கேட்பதற்கு மிக எளிய செய்தியாகத் தோன்றும். ஆனால் எத்தனையோ பேரின் உயிரைக் காத்தது இந்த எளிய செய்திதான். அது ஏன் என்பதையும், ஏனாத்தூரிலும் காஞ்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள நம் வீடுகளில் அதை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதையும் இங்கே விளக்க முயல்கிறோம்.

உடல் பேசாதபோது

நலமாக உள்ள ஒருவர் உறங்கும்போதும் அசையாமல் கிடப்பதில்லை. ஒரு பக்கம் அழுந்தினால் உடல் அதை உணர்ந்து, அவர் விழிக்காமலே மறுபக்கம் திருப்பிவிடுகிறது. சிறுநீர்ப்பை நிறைந்தால் தெரிகிறது. காலில் கல் குத்தினால் நடை மாறுகிறது. இவ்வாறு ஒரு நாளில் உடல் நமக்கு எண்ணற்ற அறிவிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தண்டுவடம் அறுபட்டவருக்கும் நரம்புகள் பழுதுபட்டவருக்கும் இந்த அறிவிப்புகள் வந்து சேர்வதில்லை. தோல் அழுந்துகிறது; வலி இல்லை. சிறுநீர்ப்பை நிறைகிறது; உணர்வு இல்லை. உடல் அனுப்பத் தவறிய அறிவிப்பை அவருக்கு வேறு யாராவது, அல்லது வேறு ஏதாவது, அனுப்ப வேண்டும். அந்த வேலையைத்தான் கடிகாரம் செய்கிறது.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியதில் நம் அண்டை ஊராகிய வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்று ஆராய்ந்தார். நோயே சதையை அழுகச் செய்கிறது என்றுதான் அக்காலத்தில் எல்லோரும் நம்பினர். உணர்ச்சியற்ற கைகளில் அன்றாடம் படும் காயங்களும் சூடும் கவனிக்கப்படாமல் போவதே பேரளவு இழப்புக்குக் காரணம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சூடான பாத்திரத்தைப் பிடித்தவருக்குச் சுட்டது தெரியாது. ஆணி ஏறிய செருப்போடு நடந்தவருக்குக் குத்தியது தெரியாது. உறங்குபவரின் விரலை இரவில் எலி கடித்த நிகழ்வுகளையும் அவர் பதிவு செய்திருக்கிறார். மருந்து நோயைக் கட்டுப்படுத்தலாம். கையையும் காலையும் காப்பாற்ற வேண்டுமானால் அவற்றை நாள்தோறும் ஒரே நேரத்தில் கழுவி, ஒவ்வொரு விரலாகப் பார்த்து, காயம் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கும் இதே வழியை அவர் கற்பித்தார். இன்று நீரிழிவு நோயாளிகளிடம், "தினமும் பாதத்தைப் பாருங்கள்" என்று நாங்கள் சொல்லும் அறிவுரையின் பின்னே இந்த வரலாறு இருக்கிறது.

அதே வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் சிக்கித் தண்டுவடம் பாதிக்கப்பட்டார். இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லாமற் போயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தலைமையேற்று வளர்த்தார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் தம் உடலைக் காத்துக்கொண்டு பணியும் செய்து வாழ முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் அவரை விடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

இரண்டு மணி நேரக் கணக்கு

முதல் உலகப் போரில் தண்டுவடம் அறுபட்ட படைவீரர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகள்கூட வாழவில்லை. அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 பிப்ரவரியில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இத்தகையோருக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் தேடி வந்திருந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் அதற்குப் பொறுப்பேற்றார்.

அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்கும் வழி அவரிடம் இல்லை. இன்றும் எவரிடமும் இல்லை. அவர் வற்புறுத்தியது ஒழுங்கை. ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவும் பகலும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீரைத் தூய்மையான முறையில், காலம் தவறாமல் வெளியேற்ற வேண்டும். காலையில் எழுந்ததும் பயிற்சி, பிறகு தொழிற்கூடம், பிறகு விளையாட்டு என்று பகல் முழுவதும் வேலை இருக்க வேண்டும். அக்காலத்தில் கிடைக்கத் தொடங்கிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் துணைநின்றன. இறப்பதற்கென்றே அனுப்பப்பட்டவர்களாகக் கருதப்பட்டோர் பிழைத்து வீடு திரும்பினர். பலர் வேலைக்கும் சென்றனர்.

1948 ஜூலை 29 அன்று அம்மருத்துவமனையின் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் போட்டிகள் அதிலிருந்து வளர்ந்தவை. நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் 2024இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்து ஆட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சிறுவயது முதல் தந்தையிடம் பெற்ற பயிற்சி அவருடைய ஆட்டத்துக்கு அடித்தளமாயிற்று. பதக்கம் எல்லோருக்கும் இலக்காக வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் தவறாமல் செய்யப்படும் சிறிய செயல் எவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை அறிய நாம் வேறு ஊரைப் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு நாள்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை எண்ணிப் பார்ப்போம். கூடத்தில் குழித்தறி. கணவன் தறியில் உட்கார, மனைவி நூல் சுற்றுகிறார். மாடியிலிருந்து விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்ட மகன் தறிக்கு அருகே கட்டிலில் இருக்கிறான். அந்த வீட்டுக்கு நாங்கள் சொல்லக்கூடியவை இவை.

முதலாவது, தோல். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிலையை மாற்ற வேண்டும்: வலப்பக்கம், மல்லாந்து, இடப்பக்கம் என்று வரிசை இருக்கட்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தால் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து இடுப்பின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காலையும் மாலையும் பிட்டம், வால் எலும்புப் பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால், கணுக்கால், முழங்கை ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். நூல்களில் "சிவந்த இடம்" என்று எழுதியிருக்கும். நம் கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அழுத்தத்தை எடுத்து அரை மணி நேரம் ஆகியும் அந்த மாற்றம் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் மேலும் பாரம் படக்கூடாது. அதைத் தேய்த்துவிடவும் கூடாது. உடனே எங்களிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, சிறுநீர். விட்டுவிட்டுக் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையைக் கற்றுக்கொண்டவர்கள் பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதைச் செய்ய வேண்டும். ஒரு முறைக்கு வெளியேறும் அளவு 500 மில்லிலிட்டரைத் தாண்டாமலிருப்பது நல்லது. தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று பொருள். ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவுவது இந்த ஒழுங்கின் முதல் படி. சிறுநீர் அடிக்கடி வரும் என்று அஞ்சித் தண்ணீரைக் குறைப்பவர்கள் பலர். அது தொற்றுக்கும் கல்லுக்கும் வழி செய்யும். குடிக்கும் நீரைப் பகல் முழுவதும் பகிர்ந்து கொடுங்கள். இரவில் சற்றுக் குறையுங்கள்.

மூன்றாவது, மலம். இதைப் பற்றிப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் ஒருவர் வெளியே சென்று வாழ்வதும் வீட்டுக்குள்ளேயே முடங்குவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகின்றன. உணவோ சூடான பானமோ உள்ளே சென்று இருபது முப்பது நிமிடங்களில் குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும். காலைக் காப்பிக்கோ சிற்றுண்டிக்கோ பிறகு, நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரே நேரத்தில் கழிப்பறை நாற்காலியில் அமரவைக்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். சில வாரங்களில் குடல் அந்த நேரத்துக்குப் பழகும். எதிர்பாராமல் துணி கெட்டுவிடுமோ என்ற அச்சம் குறைந்தால் அந்த இளைஞன் மறுபடியும் தெருவுக்கு வரத் துணிவான்.

நான்காவது, மூட்டுகள். இயக்கமற்ற கைகால்களை நாளைக்கு இரு வேளை மெதுவாக, வலிக்காத அளவுக்கு மடக்கி நீட்ட வேண்டும். எழுபது நாள் விட்டுவிட்டு ஒரே நாளில் பலமாகச் செய்வதால் பயன் இல்லை; தீங்கு நேரலாம். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவக்கூடும்.

ஐந்தாவது, மருந்தும் உணவும். வலிப்பு நோய்க்கான மாத்திரையை ஒரு வேளை தவறவிடுவதும், "வலிப்பு வந்து நாளாயிற்று" என்று தாமாக நிறுத்துவதும் வலிப்பு திரும்புவதற்குப் பொதுவான காரணங்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கும், விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கும் நிமிர்த்தி அமரவைத்தே உணவு கொடுங்கள். உண்டபின் அரை மணி நேரமாவது அப்படியே அமர்ந்திருக்கட்டும். அவசரமாகப் படுக்கவைத்து ஊட்டும் ஒரு வேளை உணவு நுரையீரலுக்குள் இறங்கினால், பல நாள் மருத்துவமனை வாசம் நேரிடலாம்.

கோயில் நகரத்தில் வாழும் நமக்கு இன்னும் ஒன்று. பாதம் மரத்தவர்கள் நண்பகலில் கோயிற் பிராகாரத்தின் கருங்கல் தளத்தில் வெறுங்காலுடன் நடந்தால், சுட்டது தெரியாமலே கொப்புளம் கண்டுவிடும். தரிசனத்தை அதிகாலைக்கோ அந்தி நேரத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவிப் பார்ப்பதும் அன்றைய வழிபாட்டின் ஒரு பகுதி என்று கொள்ளுங்கள்.

இத்தனையையும் ஒரு குடும்பம் எப்படி நினைவில் வைத்துக்கொள்ளும் என்ற கேள்வி நியாயமானது. தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் செயல்களோடு இணைத்துவிட்டால் போதும். தறியை நிறுத்தித் தேநீர் குடிக்கும் ஒவ்வொரு வேளையும் மகனைத் திருப்பும் வேளை. மாலை விளக்கேற்றியதும் கால்களுக்குப் பயிற்சி. இரவுச் செய்தி முடிந்ததும் மாத்திரை. கடிகாரம் இல்லாத வீட்டிலும் இந்தக் கணக்குத் தவறாது.

மனத்துக்கும் ஒழுங்கு வேண்டும்

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கும் நாளொழுங்கு வேறொரு வகையில் உதவுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலை எவருக்கும் பதற்றம் தருவதே. சொற்களை விரைவாகப் புரிந்துகொள்ள இயலாதவருக்கும், ஒலியும் கூட்டமும் தாங்க முடியாத அளவுக்கு உறைக்கும் ஒருவருக்கும் அந்தப் பதற்றம் பன்மடங்காகும். அதுவே அழுகையாகவும் அடம்பிடித்தலாகவும் தன்னைத் தானே அடித்துக்கொள்வதாகவும் வெளிப்படுகிறது. அதைப் பிடிவாதம் என்று எண்ணித் தண்டிப்பதால் பதற்றம் கூடும்.

இத்தகையோருக்குப் படங்களால் ஆன நாள் அட்டவணை பெரிதும் பயன்படும். பல் துலக்குதல், குளியல், இட்லி, பள்ளி வண்டி, விளையாட்டு, தூக்கம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படம் வரைந்தோ நிழற்படம் எடுத்தோ சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். முடிந்த செயலின் படத்தைக் குழந்தையே எடுத்து ஒரு பெட்டியில் போடட்டும். நீண்ட வரிசை குழப்பம் தந்தால் இரண்டே படங்கள் போதும்: முதலில் குளியல், பிறகு ஊஞ்சல். ஒரு பெரிய செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, நாள்தோறும் அதே வரிசையில், அதே சொற்களால் கற்பித்தால், சட்டை மாட்டிக்கொள்ளவும் தட்டைக் கழுவி வைக்கவும் பலர் கற்றுக்கொள்வர். கற்றது தாமதமாக வந்தாலும் நிலைத்து நிற்கும்.

மாற்றம் வராத வீடு இல்லை. வைகாசிக் கருட சேவையன்று விடியற்காலையிலிருந்து நகரமே தெருவில் இருக்கும். 2019இல் அத்திவரதர் வைபவம் நடந்த 48 நாட்களும் நம் ஊரின் போக்குவரத்தும் உறக்கமும் மாறிப்போனதை எவரும் மறந்திருக்க முடியாது. 2020இன் ஊரடங்கில் சிறப்புப் பள்ளிகளும் பயிற்சி நிலையங்களும் மூடப்பட்டபோது பழக்கப்பட்ட நாள் ஒரே இரவில் கலைந்தது. அதனால் பல குழந்தைகளின் உறக்கமும் நடத்தையும் குலைந்தன. மாற்றத்தை முற்றிலும் தவிர்க்க இயலாது. முன்கூட்டியே அறிவிக்க இயலும். திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பே அட்டவணையில் அந்தப் படத்தை ஒட்டிக் காட்டுங்கள். சென்ற ஆண்டுப் படங்களைக் காட்டிப் பேசுங்கள். அன்றைக்கும் எழும் நேரம், உணவு நேரம், உறங்கும் நேரம் ஆகிய மூன்றையாவது மாற்றாதீர்கள். கூட்டத்திலிருந்து விலகி அமர ஓர் இடத்தை முன்பே பார்த்து வையுங்கள். இவ்வளவு ஏற்பாடு இருந்தால் பல குழந்தைகள் திருவிழாவை நம்மோடு சேர்ந்து மகிழவும் கூடும்.

யாருக்காக இந்த ஒழுங்கு?

ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஒரே நேரத்தில் எழுப்புவதும், ஒரே நேரத்தில் உணவிடுவதும், ஒரே இடத்தில் அமர்த்தி வைப்பதும் பராமரிப்பவரின் வசதிக்காகவும் நடக்கலாம். அதன் மிகக் கொடிய வடிவத்தைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அந்தக் காப்பகத்திலும் வேளாவேளைக்குச் சோறு போடப்பட்டிருக்கலாம். அதை நாளொழுங்கு என்று எவரும் சொல்லமாட்டார்.

இதற்கு நேர்மாறான முயற்சியும் நம் மாநிலத்திலேயே பிறந்தது. 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட பேனியன் அமைப்பு, வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்குச் சிகிச்சையும் இருப்பிடமும் அளித்துவந்தது. குணமான பிறகும் திரும்பிச் செல்ல வீடில்லாமல் நெடுங்காலம் தங்கிவிட்டவர்களுக்காக 2015இல் அது ஒரு புதிய வழியைத் தேர்ந்தது. நான்கைந்து பேராகச் சேர்ந்து ஊருக்குள்ளே சாதாரண வாடகை வீட்டில், உதவியாளரின் துணையோடு வாழும் ஏற்பாடு அது. அங்கும் ஒழுங்கு உண்டு: சமையல், கடைக்குப் போதல், வேலை, அண்டை வீட்டாருடன் பேச்சு, உறக்கம். ஆனால் இன்று என்ன குழம்பு, எந்தச் சேலை, எப்போது விளக்கணைப்பது என்பவற்றை அங்கு வாழ்பவரே முடிவு செய்வார்.

ஆகவே உங்கள் வீட்டு அட்டவணையை அமைக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: இது யாருக்காக? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புவது அவருக்காக. மாலை ஐந்து மணிக்கே இரவு உணவைக் கொடுத்துப் படுக்கவைப்பது பெரும்பாலும் நமக்காக. செய்ய வேண்டியது மாறாமலிருக்கட்டும்; எப்படிச் செய்வது என்பதில் அவர் விருப்பம் நடக்கட்டும். குளியல் உறுதி; காலையா மாலையா என்பதை அவர் சொல்லட்டும். பயிற்சி உறுதி, எந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு என்பது அவர் பாடு. பேச இயலாதவரும் இரு பொருள்களைக் காட்டினால் கண்ணாலோ கையாலோ தேர்ந்தெடுக்க முடியும். கைகால் இயங்காத ஒருவர்கூடத் தம் பராமரிப்பை அடுத்தவருக்குச் சொல்லிச் செய்விக்கக் கற்றுக்கொண்டால் அந்த ஒழுங்கின் தலைவர் அவரே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சமூகத்தில் பிறரோடு சமமாக வாழும் உரிமையை அவர்களுக்கு உறுதிசெய்கிறது. வீட்டுக்குள் தேர்வு செய்யும் உரிமையிலிருந்து அது தொடங்குகிறது என்று நாங்கள் கருதுகிறோம்.

பராமரிப்பவரின் நாள்

பெரும்பாலான வீடுகளில் பராமரிப்புச் சுமை ஒரே ஒருவர் தோளில் விழுகிறது. அவர் பெரும்பாலும் தாய், மனைவி அல்லது மருமகள். ஓராண்டு உறங்காத தாய் நோயாளியாகி இதே மருத்துவமனைக்கு வரும்போது இரண்டு பேருக்கும் பராமரிப்பாளர் இல்லாமற் போகிறார்.

கோர்வைச் சேலை நெய்பவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக அமையும் அந்தச் சேலைக்குக் கைத்தறியில் இரண்டு பேர் வேண்டும். கரைப்பக்கம் நாடா போடுபவர் வராவிட்டால் தறி நின்றுவிடும். ஆனாலும் அந்த இடத்தில் வந்து உட்கார வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். பராமரிப்பும் அவ்வாறே இருக்க வேண்டும். திருப்புவது, குழாய் செலுத்துவது, மாத்திரை கொடுப்பது ஆகியவற்றை வீட்டில் குறைந்தது இரண்டு பேர் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்களும் கற்றுக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன் எங்கள் செவிலியர் முன்னிலையில் இருவருமே ஒரு முறை செய்து காட்டிவிட்டுச் செல்வது நல்லது.

இரவில் திருப்புவதை முறை வைத்துக்கொள்ளுங்கள்: முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர். அழுத்தம் குறைக்கும் காற்று மெத்தை பயன்படுத்துபவர்களுக்கு இரவு இடைவெளியைச் சற்று நீட்டிக்க முடியுமா என்பதைத் தோலின் நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வார்; நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். பராமரிப்பவரின் உணவு, உறக்கம், அவருடைய சொந்த மாத்திரை, வாரத்தில் ஒரு மாலையாவது வெளியே செல்லுதல் ஆகியவையும் அதே சுவர் அட்டவணையில் எழுதப்பட வேண்டும். எழுதப்படாதவை நடப்பதில்லை.

உதவி கிடைக்கும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே பெற வழியுண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ள குழந்தைகளுக்கு முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கிவரும் தேசிய நிறுவனத்தில் மதிப்பீடும் பயிற்சியும் கிடைக்கின்றன. மனம் சோர்ந்த பராமரிப்பாளர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

எப்படித் தொடங்குவது?

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்க வேண்டாம். தவறினால் மிகுந்த தீங்கு தரும் ஒன்றை முதலில் எடுங்கள். படுக்கையில் இருப்பவருக்கு அது திருப்பிப் படுக்கவைத்தல். வலிப்பு உள்ளவருக்கு மாத்திரை. உறக்கமில்லாத குழந்தைக்கு ஒரே நேரத்தில் படுக்கைக்குச் செல்லுதல். அது இரண்டு மூன்று வாரம் நிலைபெற்ற பிறகு அடுத்ததைச் சேருங்கள். பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். செய்தவுடன் ஒரு கோடு போடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாளே பழைய இடத்திலிருந்து தொடருங்கள், தவறியவரைப் பழிக்காதீர்கள். மாத்திரை தவறினால் மட்டும் இரண்டு வேளைக்குரியதைச் சேர்த்துக் கொடுக்காமல் எங்களைக் கேளுங்கள். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள். பல நேரங்களில் இரத்தப் பரிசோதனை சொல்லாததை அந்தக் கோடுகள் எங்களுக்குச் சொல்லும்.

நாளொழுங்கு நன்றாக நடக்கும் வீட்டில், வழக்கத்திலிருந்து விலகுவது எதுவும் உடனே கண்ணில் படும். கீழ்க்கண்டவற்றைக் கண்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். தேவையானால் 108ஐ அழையுங்கள்.

• தோலில் நிறம் மாறிய இடம் மறையாதிருத்தல், கொப்புளம், புண்.
• காய்ச்சல், நடுக்கம், கலங்கிய அல்லது துர்நாற்றமுள்ள சிறுநீர், சிறுநீர் வராமை.
• உணவு உண்ணும்போது தொடர்ந்து இருமல், குரல் கரகரத்தல், மூச்சுத் திணறல்.
• ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, அல்லது நினைவு திரும்பாமலே மீண்டும் வரும் வலிப்பு.
• கழுத்திலோ மேல் முதுகிலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குத் திடீரென்று கடும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல். இது இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்வதன் அறிகுறி. உடனே நிமிர்த்தி அமரவையுங்கள். இறுக்கமான ஆடையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடிந்தோ அடைபட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். தாமதியாமல் அழைத்து வாருங்கள்.
• காரணம் தெரியாமல் நடத்தையில் திடீர் மாற்றம். பேச இயலாதவருக்கு அது வலியின் மொழியாக இருக்கலாம்.

எங்கள் இயன்முறை மருத்துவர்களும் செயல்முறை மருத்துவர்களும் செவிலியரும் உங்கள் வீட்டின் நேரத்துக்கு ஏற்ற அட்டவணையை உங்களோடு அமர்ந்து எழுதித் தருவார்கள். வரும்போது வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது வேலைக்குப் போகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். யாருக்காக அந்த அட்டவணை எழுதப்படுகிறதோ அவரையும் உடன் அழைத்து வாருங்கள். முதலில் அவரிடம்தான் கேட்போம்.